நாலு விடையும் சரி என்றால் எதை டிக் அடிப்பது?

"அக்கா, பாடம் எனக்குத் தெரிகிறது. பரீட்சையில் உட்கார்ந்தால் நாலு விடையும் சரியாகத்தான் இருக்கிறது. அதில் முதலில் எதைச் செய்வாய் என்று கேட்கிறார்கள். புதுச்சேரியில் பயோகெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கியவள் நான், இங்கே முதல் பரீட்சையில் 68. பாஸ் மார்க் 77. இதெல்லாம் என்ன மாதிரிக் கேள்விகள்?" லாஸ்பேட்டையிலிருந்து கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து, கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேர்ந்திருக்கும் தங்கச்சி, நீ கேட்டது இதுதான்.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நானும் நீ என்றே பேசுகிறேன். எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். நர்சிங் படித்தது புதுச்சேரியில். ஹூஸ்டனில் வார்டு வேலைக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இங்கே நர்சிங் படிக்கிற பிள்ளைகளை என்னோடு டியூட்டிக்கு அனுப்புவார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். அதனால் உன் இங்கிலீஷில்தான் கோளாறு என்று குழம்பாதே. 35, 40 என்று பாஸ் மார்க் பார்த்து வளர்ந்த நமக்கு 77 என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் முதல் பரீட்சையில் 68 ஒன்றும் குடிமுழுகிப் போகிற மார்க் இல்லை.

நான் படித்தபோது கேள்வி எப்படி வரும்? 'நிமோனியா என்றால் என்ன? காரணங்கள், அறிகுறிகள், நர்சிங் பராமரிப்பு பற்றி விரிவாக எழுதுக.' தெரிந்ததையெல்லாம் தலைப்பு போட்டு, அடிக்கோடு போட்டு, பக்கத்தை நிரப்பினால் மார்க். இங்கே நிமோனியா உனக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் கேள்வியே ஆரம்பிக்கிறது. வார்டில் நிற்கிறாய், இருப்பது இரண்டு கை, எதைத் தள்ளிப்போட்டால் நோயாளி கைமீறிப் போய்விடுவார் என்று உனக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நாலு விடையும் செய்ய வேண்டிய வேலைகள்தான். எதற்குப் பின் எது என்பதற்குத்தான் மார்க்.

ஒன்றைப் பார்ப்போம். உன்னிடம் நாலு நோயாளிகள். ஒருவருக்குக் காலையில் வயிற்றில் ஆபரேஷன், வலி பத்துக்கு ஏழு என்கிறார். இன்னொருவர் சர்க்கரை நோயாளி, அளவு 240. மூன்றாமவருக்கு சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய், ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதம். நாலாமவருக்கு நேற்று தைராய்டு ஆபரேஷன், மூச்சை இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. யாரை முதலில் போய்ப் பார்ப்பாய்?

90-ஐப் பார்த்ததும் பதறுவாய். பதறட்டும் என்றுதான் அந்த எண்ணை அங்கே வைத்திருக்கிறார்கள். சி.ஓ.பி.டி. முற்றியவர்கள் பலருக்கு டாக்டர்களே 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று எழுதிவைப்பார்கள். ஆபரேஷன் ஆனவருக்கு வலிக்கத்தான் செய்யும். 240 சர்க்கரை கொஞ்ச நேரம் பொறுக்கும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சத்தம் வந்தால், கழுத்துக்குள் வீக்கமோ ரத்தக்கட்டோ மூச்சுக்குழாயை நெருக்குகிறதோ என்று பயப்பட வேண்டும். நிமிஷக் கணக்கில் அடைத்துவிடலாம். அவரிடம்தான் ஓட வேண்டும். இந்த நோயாளிக்கு இது எதிர்பார்த்ததா, எதிர்பாராததா என்று ஒவ்வொரு விடையையும் கேட்டுப் பார்த்துப் பழகு. இந்த வகைக் கேள்விகளில் பெரும்பாலானவை அதிலேயே அவிழ்ந்துவிடும்.

'டாக்டரைக் கூப்பிடு' என்கிற விடை நம்மை எப்போதும் இழுக்கும். ஊரில் நமக்கு அதுதானே பழக்கம். நீ செய்யக்கூடியது ஏதாவது மிச்சம் இருந்தால் அது முதல் விடை ஆகாது. ஆபரேஷன் ஆனவருக்குத் திடீரென்று மூச்சுத் திணறினால் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்து, ஆக்சிஜனை வை, அப்புறம் கூப்பிடு. 'முதலில் பரிசோதி' என்று உன் டீச்சர் சொல்லியிருப்பார். அதுவும் சரிதான், ஆனால் பரிசோதித்த விவரம் கேள்வியிலேயே இருந்தால் மறுபடி நாடி பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இன்னொன்று, இதை யாரும் உனக்கு உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்விகளில் வருவது நீ பார்த்து வளர்ந்த ஆஸ்பத்திரி இல்லை. ஜிப்மர் பக்கம் போயிருப்பாய்தானே? நோயாளியோடு ஒரு சொந்தக்காரராவது வந்திருப்பார், பாய், தூக்குவாளி, வெந்நீர் பிளாஸ்க் சகிதமாக. இட்லியைப் பிட்டு ஊட்டுவது மனைவி, பாத்ரூமுக்குத் தாங்கிப் போவது மகன், மருந்துச் சீட்டோடு ஓடுவது மச்சான். கேள்வித்தாளில் அந்த மச்சான் கிடையாது. அவர் வேலையெல்லாம் நர்சிங் அசிஸ்டென்ட் தலையில் விழுகிறது, எதை அவரிடம் விடலாம், எதை விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். உடம்பு நிலையாக இருப்பவருக்குச் சோறு ஊட்டுவதை விடலாம். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஊட்டுவதை அவரிடம் விடக் கூடாது, புரையேறிவிடும். சோறு ஊட்டுவதற்கு ஒரு கேள்வியா என்று உனக்குச் சிரிப்பு வரும். வேலைக்கு வந்த பிறகு வராது.

நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுவது பேச்சுக் கேள்விகளில். மார்பக ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு அம்மா அழுகிறார். நீ என்ன சொல்வாய்? 'ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீங்கம்மா' என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். அது தப்பு விடை, ஏனென்றால் ஆகாது என்று உனக்குத் தெரியாது. 'ஏன் அழறீங்க' என்பதும் தப்பு, விசாரணை மாதிரி ஆகிவிடும். 'டாக்டர் கெட்டிக்காரர்' என்பதும் தப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, 'பயமா இருக்கு போல. எதை நினைச்சுக் கவலைப்படறீங்க, சொல்லுங்க' என்பதுதான் சரி. அதே மாதிரி, 'அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள்' என்று மகன் கேட்டால் நம் ஊரில் எல்லாரும் தலையாட்டுவோம். இங்கே விவரம் அப்பாவுக்குச் சொந்தம். தனக்கு எவ்வளவு தெரிய வேண்டும், யாரிடம் சொல்லலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நோயாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1990-லேயே இங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் இதில் முழுச் சம்மதம் கிடையாது, அது வேறு கதை. பரீட்சையில் என் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

பேரிடர்க் கேள்வி வரும்போது மட்டும் மனசைக் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொள். 2004 டிசம்பர் 26-இல் தேவனாம்பட்டினத்தைக் கடல் அடித்துப் போட்ட ஊர்க்காரி நான். ரொம்ப மோசமாக அடிபட்டவரைத்தான் முதலில் தூக்க வேண்டும் என்று தோன்றும். கூட்டமாக ஆட்கள் வரும்போது கணக்கு வேறு. பிழைக்க வாய்ப்பே இல்லாதவருக்குக் கறுப்பு அட்டை, உடனே கவனித்தால் பிழைப்பவருக்குச் சிவப்பு, கொஞ்சம் காத்திருக்கக்கூடியவருக்கு மஞ்சள், நடந்து வருபவருக்குப் பச்சை. சிவப்பைத்தான் முதலில் பார்க்கிறோம்.

சாப்பாட்டுக் கேள்விகள் சும்மா மனப்பாடம். சிறுநீரகம் கெட்டவருக்குப் பொட்டாசியம் குறைவான பழம் எது என்று கேட்டு வாழை, ஆரஞ்சு, கேன்டலோப், ஆப்பிள் என்று கொடுப்பார்கள். கேன்டலோப் நம் முலாம்பழ வகைதான். விடை ஆப்பிள். பண்ருட்டிப் பலாவிலும் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் அதைக் கேள்வியில் வைக்க இவர்களுக்குத் தெரியாது. ஐஸ் துண்டு சாப்பிட்டார் என்றால் அதில் பாதியைத்தான் தண்ணீராகக் கணக்கில் எழுத வேண்டும்: 8 அவுன்ஸ் (240 மில்லி) ஐஸ் என்றால் 120 மில்லி.

'பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு' வகைக்குத்தான் எல்லாரும் நடுங்குகிறார்கள். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக சரியா தப்பா என்று பார், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடாதே. படிப்பு முடிந்து நர்ஸ் லைசென்ஸுக்காக நீ கடைசியில் எழுதப்போகும் என்சிலெக்ஸ் (NCLEX) பரீட்சையில் 2023 ஏப்ரல் முதல் இதற்குப் பகுதி மார்க் உண்டு. சரிக்கு ஒன்று கூடும், தப்புக்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் எல்லாவற்றையும் டிக் அடித்துவைக்கிற சாமர்த்தியம் எடுபடாது. காலேஜ் பரீட்சையில் எப்படி மார்க் போடுகிறார்கள் என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்.

சில கேள்விகள் உண்மையிலேயே மோசமானவை, அதையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் அவசரத்தில் எழுதியது, இரண்டு விடைக்கு நியாயம் இருப்பது, கேள்வியே புரியாதது. பரீட்சை முடிந்து கேள்விகளைத் திரும்பப் பார்க்க ஒரு நேரம் கொடுத்தால் கட்டாயம் போ. புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, 'இதுவும் சரியாக வருமே' என்று பணிவாகக் கேள். இங்கே அதை வாய்த்துடுக்கு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நீ சொல்வதில் நியாயம் இருந்தால் வகுப்பு முழுக்கவே அந்த மார்க்கைப் போட்டுவிடுவதும் உண்டு.

என்சிலெக்ஸுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள். நீ போடும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கம்ப்யூட்டர் எடுக்கும், பின்னால் போய்த் திருத்த முடியாது. குறைந்தது 85, அதிகம் போனால் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். 85-இல் திரை அணைந்தால் பாஸ் என்றும் சொல்ல முடியாது, பெயில் என்றும் சொல்ல முடியாது. பல மாநிலங்களில் இரண்டு வேலை நாளில் பணம் கட்டி முடிவைப் பார்த்துவிடலாம். அதுவரைக்கும் பரீட்சை எழுதிய சேதியை ஊரில் யாருக்கும் போன் போட்டுச் சொல்லாதே. லாஸ்பேட்டையிலிருந்து மணிக்கு ஒருதரம் ரிசல்ட் கேட்பார்கள்.