மறு: கீரையைக் கண்டாலே தட்டைத் தள்ளும் மகன்

சகோதரி, உங்கள் மூன்று வயது மகன் தயிர்சோறும் ரொட்டியும் தவிர எதையும் தொடுவதில்லை, படப் புத்தகங்கள் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். என் மகளும் அப்படித்தான் இருந்தாள். உங்கள் தவிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது.

உதவும். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2 வாரம் தினமும் ஒரு காயின் படப் புத்தகத்தைப் பெற்றோருடன் பார்த்த குழந்தைகள், அந்தக் காயைச் சுவைக்கக் கூடுதலாக முன்வந்தார்கள். ஆனால் ‘கீரை தின்றால் பலசாலி ஆவாய்’ என்று உபதேசிக்கும் கதைகள் வேண்டாம். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். காய் எங்கே முளைக்கிறது, வெட்டினால் உள்ளே எப்படி இருக்கிறது என்று காட்டினாலே போதும்.

மொரீஷியஸில் நம் கீரைகளுக்கு அப்படிப் புத்தகம் தேடி அலையாமல் நானே ஒன்று செய்தேன். கொல்லையில் முருங்கை மரம், அதன் வெள்ளைப் பூ, சந்தையில் கட்டி வைத்த கீரை, மகளின் விரல்கள் இலை உருவுவது, கடைசியில் கொதிக்கும் சாறு: எட்டுப் படங்கள், ஒரு பழைய நோட்டு. இங்கே பேசும் கிரியோல் மொழியில் எல்லோரும் சொல்லும் ‘மூரூம்’ நம் முருங்கைதான் என்று சொன்னதும் அவளுக்கு ஒரே பெருமை!

தூங்கும் முன் படியுங்கள், சாப்பாட்டு வேளையில் வேண்டாம். தட்டில் ஒரு கரண்டி மட்டும் வையுங்கள், வற்புறுத்தாதீர்கள். புதிய சுவை பழக 10, 15 முறைகூட ஆகலாம். எடை குறைந்தாலோ விழுங்கும்போது திணறினாலோ மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.