பிரித்துவிட்டால் சின்னக் குஞ்சு எட்டிப்பிடிக்குமா?

கேள்வி: தொட்டியில் கொடுவா மீன் குஞ்சு வளர்க்கிறேன். எல்லாம் ஒரே நாளில் விட்டவைதான், ஆனால் இப்போது சில மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நீளம். எண்ணிக்கையும் குறைகிறது, செத்து மிதப்பதையோ காணோம். அளவு பார்த்துப் பிரித்துவிட்டால் சின்னது பெரியதை எட்டிப்பிடிக்குமா?

பதில்: முதலில் குறைகிற எண்ணிக்கையைப் பாருங்கள். பறவை, பாம்பு வர வழியில்லை என்றால் காணாமல் போன குஞ்சுகள் பெரிய குஞ்சுகளின் வயிற்றில்தான் இருக்கின்றன. கொடுவா தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கிற குஞ்சையே விழுங்கிவிடும், பாதி நீளமென்றால் கேட்கவே வேண்டாம். தொட்டியின் அடியைக் கூர்ந்து பாருங்கள், ஒன்றின் வாயில் இன்னொன்றின் வால் துருத்திக்கொண்டு இரண்டுமே செத்துக் கிடக்கலாம். குஞ்சு 10, 15 சென்டிமீட்டர் தாண்டும்வரை இந்தத் தொல்லை இருக்கும், அதுவரை வாரம் ஒருமுறையாவது பிரித்தே ஆகவேண்டும்.

சரி, எட்டிப்பிடிக்குமா? சில பிடிக்கும். பெரியது விரட்டியதால் தீவனத்துக்குப் பக்கத்திலேயே வரமுடியாமல் கிடந்தவை, தனியாக விட்டதும் நன்றாகத் தின்று தேறிவிடும். பிறவியிலேயே மெதுவாக வளர்கிற குஞ்சை எந்தத் தொட்டியில் விட்டாலும் அது அப்படித்தான். அதோடு, பிரித்த கூட்டத்திலும் சில வாரத்தில் புதிதாக ஒரு பெரியது தலையெடுத்து மற்றதை விரட்டத் தொடங்கும். பல மீன் இனங்களில் சோதித்துப் பார்த்தபோது, பிரித்ததற்கும் பிரிக்காததற்கும் மொத்த எடையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதனால் வளர்ச்சி கூடும் என்று மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள். உயிர் பிழைக்கும் குஞ்சு கூடும், வாய்க்கு ஏற்ற அளவில் தீவனம் போடலாம், பிடிக்கும்போது ஒரே சீராக இருக்கும், இதுவே போதுமான லாபம்.

பிரிப்பதற்கு முந்தைய நாளே தீவனத்தை நிறுத்துங்கள், வயிறு நிறைந்த குஞ்சைக் கையாண்டால் சாவு அதிகம். விடியற்காலையில், தொட்டிக்குக் காற்றுக் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது, கம்பி வரிசை வைத்த பெட்டியைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு, குஞ்சுகளை அதற்குள் விட்டால் சின்னது தானாக இடுக்கு வழியே வெளியேறிவிடும் (கம்பி பிரிப்பது உடல் பருமனைத்தான், நீளத்தை அல்ல). வலையில் அள்ளிக் குவித்து ஒவ்வொன்றாகப் பொறுக்கும் வழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள், செதில் உரிந்த குஞ்சுக்கு அப்புறம் நோய் வரும். மறுநாள் கொஞ்சமாகத் தீவனம் போட்டு, எடுக்கிறதா என்று பார்த்துக் கூட்டுங்கள்.

கேள்வி: திலேப்பியா மீனில் பெரியதை மட்டும் பொறுக்கி இனப்பெருக்கத்துக்கு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். திலேப்பியாவில் ஆண்தான் வேகமாக வளரும், அளவை மட்டும் பார்த்து எடுத்தால் பெரும்பாலும் ஆணாகவே சேரும். பாலினம் தெரிகிற வயதில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்தில் நன்றாக வளர்ந்ததை எடுங்கள்.