முகத் தளர்ச்சிக்கு ஊசி போதுமா, அறுவை சிகிச்சை தேவையா?
ஐம்பதைக் கடந்தபின் முகத் தளர்ச்சிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. முகத்தில் மாறியிருப்பது எது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

புருவங்களுக்கு இடையில் விழும் கோடுகள் தசை சுருங்குவதால் வருபவை. தசையைச் சுருங்கத் தூண்டும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையிலிருந்து வெளியாவதைப் போடாக்ஸ் ஊசி தடுப்பதால் அவை மங்கும். பலன் பெரும்பாலும் 3 முதல் 4 மாதங்கள் நிற்கும். கன்னம் ஒட்டிப்போயிருந்தால் ஹையலுரோனிக் அமில ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்ப ஊசியால் செலுத்தும் ஜெல், உதவும். பிடிக்காவிட்டால் ஹையலுரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி அதைக் கரைத்துவிடலாம். ஆனால் 'ஊசிதானே' என்று எண்ணி, மருத்துவர் இல்லாத அழகு நிலையத்தில் போட்டுக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன்: ஃபில்லர் இரத்தக் குழாய்க்குள் புகுந்தால், அரிதாகவே என்றாலும், பார்வையே பறிபோகக்கூடும்.

தாடையோரம் தொங்கும் சதையும் கழுத்தில் மடிந்த தோலும் வேறு கணக்கு. கண்ணாடி முன் நின்று, காதுக்கு முன்னுள்ள தோலை விரல்களால் மெதுவாகப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். நீங்கள் விரும்பும் மாற்றம் அப்போதுதான் தெரிகிறதென்றால், ஊசிக்கு மேல் ஊசியாகப் போட்டு முகத்தை உப்ப வைப்பதைவிட, ஃபேஸ்லிஃப்ட் என்ற முகத்தைத் தூக்கி நிறுத்தும் அறுவை சிகிச்சை பற்றி பிளாஸ்டிக் சர்ஜனிடம் பேசுவதே பொருத்தம். அதில் தோலை மட்டும் இழுத்துத் தைக்காமல் அடியிலுள்ள திசுப் படலத்தையும் தூக்கி நிறுத்துவதால், பலன் பல ஆண்டுகள் நீடிக்கும். வீக்கமும் கன்றலும் பெருமளவு வடிய 2 அல்லது 3 வாரங்கள் ஆகலாம். இரத்தக் கட்டும் முக நரம்புக் காயமும் இதன் அபாயங்கள். புகைபிடிப்பவர்களுக்குத் தோலின் இரத்த ஓட்டம் குறைந்து தையலோரம் அழுகக்கூடும் என்பதால், சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.