சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு: மதிப்பெண் கணக்கு

கேள்வி: அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர மகன் நுழைவுத் தேர்வு எழுதுகிறான். தெரியாத வினாவை விட்டுவிடச் சொல்லலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: வேண்டாம் அம்மா. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால், எதையும் விடாமல் எழுதுவதே லாபம். இரண்டரை மணி நேரத்தில் 125 வினாக்கள், மொத்தம் 300 மதிப்பெண்கள். கணிதத்தின் 50 வினாக்களுக்குத் தலா 3 வீதம் 150 என்பதால், பாதித் தேர்வு கணக்கிலேயே அடங்கிவிடுகிறது. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஆகியவற்றில் தலா 25 வினாக்கள். வினாவுக்கு 2 மதிப்பெண்.

பொதுப் பிரிவினர் பாடவாரியாக 25 விழுக்காடும் மொத்தத்தில் 40 விழுக்காடும் பெற வேண்டும். மொழியில் 7 வினாக்கள் சரியானாலே 14 வந்து வரம்பு தாண்டிவிடும். ஆனால், 120 எடுத்தால் இடம் உறுதி என்று தருமபுரியில் எந்தப் பயிற்சி மையம் சொன்னாலும் நம்பாதீர்கள். தரவரிசைப்படியே இடம் கிடைக்கும். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.