கேள்வி – பதில்: ஹார்ட் டிஸ்க்கில் தூங்கும் படங்கள்

கேள்வி: பத்து வருடமாக எங்கள் லேப்பில் எடுத்த மைக்ரோஸ்கோப் படங்கள் மூன்று ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போடலாம் என்கிறார் கைடு. கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தால் போதாதா?
– ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: போதாது. அந்த டிரைவ் யார் பெயரில் இருக்கும்? உங்கள் பெயரில். பிஎச்.டி முடித்து நீங்கள் கிளம்பியதும் கல்லூரி மெயிலை மூடிவிடுவார்கள், லிங்க்கும் கூடவே போய்விடும். இதற்கென்றே இருக்கிற இடங்களில் போடுங்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் நடத்துகிற பயோஇமேஜ் ஆர்க்கைவ் என்ற படக் காப்பகம் இருக்கிறது, காசு கிடையாது. சின்னத் தொகுப்பு என்றால் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையம் நடத்தும் ஜெனோடோ தளம் போதும். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை வாங்கிக்கொண்டு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் ஒன்று தரும், அதைக் கட்டுரையில் குறிப்பிட்டுவிடலாம்.

ஏற்றுகிற வேலை பெரிதில்லை, அதற்கு முந்தைய வேலைதான் உயிரை வாங்கும். ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள், பெயர் 'நியூ 3 ஃபைனல்' என்று இருக்கும். என்ன திசு, எந்தச் சாயம், எந்த லென்ஸ், ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்று எதுவும் இருக்காது. எடுத்த சீனியரைக் கேட்கலாம் என்றால் அவர் ஜெர்மனியில் இருப்பார், கேட்டாலும் நினைவிருக்காது. இந்த நாலு விவரமும் இல்லாத படம் காலண்டரில் மாட்டத்தான் ஆகும். அதனால் முதலில் லேப் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு எக்செல் ஷீட் போடுங்கள், விவரம் கிடைக்காத படங்களைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், ஜேபெக்காக மாற்றி ஏற்றாதீர்கள். 12 பிட் கேமரா 4096 சாம்பல் படிகளைப் பதிவு செய்கிறது, ஜேபெக்கில் 256தான் மிஞ்சும். அதில் ஒளியின் அளவை எப்படி அளப்பது? ஜெய்ஸ், லைக்கா, நிக்கான் என்று கம்பெனிக்கு ஒரு ஃபைல் வடிவம் இருப்பது உண்மைதான். ஃபிஜி என்ற இலவசப் பட ஆய்வு மென்பொருளில் பயோ-ஃபார்மட்ஸ் என்ற இணைப்பு சேர்ந்தே வருகிறது, அது இவற்றையெல்லாம் திறந்து, விவரங்களோடு சேமிக்கும் ஓஎம்இ-டிஃப் என்ற பொது வடிவமாக மாற்றித் தரும். ஸ்கேல் பாரும் அம்புக்குறியும் பதிந்த படத்தை மட்டும் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி ஒரு படத்தை வாங்கினேன், எனக்கு வேண்டிய செல்லின் மேலேயே அம்பு உட்கார்ந்திருந்தது.

கேள்வி: பொதுவில் போட்டால் யாராவது எடுத்துப் பேப்பர் போட்டுவிட மாட்டார்களா?
– ஓர் உதவிப் பேராசிரியர், திருச்சி

பதில்: பயமாக இருந்தால் கட்டுரை வந்தபிறகு திறக்கிற மாதிரி தேதி குறித்து வைக்கலாம், ஆர்க்கைவிலேயே அந்த வசதி உண்டு. சிசி-பை என்ற பொதுப் பயன்பாட்டு உரிமம் கொடுத்தால் எடுப்பவர் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். சென்னையிலேயே பாருங்களேன், ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற பெயரில் கருவிலிருக்கும் சிசுக்களின் மூளை வெட்டுகள் 5,132-ஐ 2024 டிசம்பரில் இலவசமாகத் திறந்துவிட்டது. கூகுள் மேப்பில் தெருவைப் பெரிதாக்குவது போலப் பெரிதாக்கிக்கொண்டே போனால் செல் தெரியும். இத்தனை உழைப்பைப் போட்டவர்களே திறந்து வைத்திருக்கிறார்கள், நாம் ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

கேள்வி: எங்களுடையது பேத்தாலஜி ஸ்லைடுகள். பெயரை நீக்கிவிட்டுப் போடலாமா?
– மருத்துவ மாணவர், மதுரை

பதில்: முதலில் எதிக்ஸ் கமிட்டி அனுமதி. அது கிடைத்ததும் ஸ்கேன் செய்த ஒரு ஸ்லைடை க்யூபாத் என்ற ஸ்லைடு பார்க்கும் மென்பொருளில் திறந்து 'அசோசியேட்டட் இமேஜஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். ஸ்கேனர் திசுவை மட்டும் எடுப்பதில்லை, ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டிய லேபிளையும் தனியாகப் படம் பிடித்து அதே ஃபைலுக்குள் வைத்துவிடும். ஃபைல் பெயரை 'கேஸ் 1' என்று மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர், உள்ளே பால்பாயிண்ட் பேனாவில் நோயாளியின் பெயரும் ஓபி நம்பரும் அப்படியே இருக்கும்.