சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வீட்டு வேலைக்குத் தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். கேட், கிரில், மேசைக்கால், உடைந்த கீல் போன்றவற்றுக்கு இதுவே போதும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினுக்குக் கனத்த இரும்புக் கோர் வேண்டும். இன்வெர்ட்டர் மின்சாரத்தைப் பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கு ஏற்றி மாற்றுவதால் கோர் சிறுத்து, மெஷின் ஒரு கையில் தூக்கும் எடையில் அடங்கிவிடுகிறது.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் '200 ஆம்பியர்' என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், டியூட்டி சைக்கிளையும் பாருங்கள். 30 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 3 நிமிடம்தான் அந்த ஆம்பியரில் ஓட்டலாம். வீட்டில் அது பெரிய குறையில்லை, 2.5 மி.மீ. 6013 ராடுக்கு (சாதாரண இரும்புக்கான வெல்டிங் குச்சி) 60 முதல் 90 ஆம்பியரே போதும்.

ராடு அடிக்கடி ஒட்டிக்கொண்டால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன் எக்ஸ்டென்ஷன் வயரைப் பாருங்கள். மெல்லிய, நீளமான வயரில் வோல்டேஜ் இறங்கிவிடும். சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் வயர் சூடேறி உருகவும் கூடும். அப்புறம் எர்த் கிளாம்ப் (மெஷினின் இன்னொரு வயரை இரும்போடு இணைக்கும் கவ்வி): அதைப் பெயின்ட், துரு மேல் மாட்டாமல், சுரண்டிப் பளிச்சென்று தெரியும் இரும்பில் மாட்டுங்கள். ஈரம் ஏறிய ராடும் படுத்தும்.

1.5 மி.மீ. தடிமனுள்ள குழாயில் ஓட்டை விழுந்தால் 2 மி.மீ. ராடுக்கு மாறி, ஆம்பியரைக் குறைத்து, விட்டுவிட்டுப் பொட்டு வையுங்கள்.

கிரைண்டரை மெஷின் பக்கத்தில் ஓட்டவே கூடாது. பறக்கும் இரும்புத்தூளை ஃபேன் உள்ளே இழுத்து போர்டை ஷார்ட் ஆக்கிவிடும். துத்தநாகம் பூசிய குழாயென்றால் பற்றவைக்கும் இடத்தில் பூச்சை முதலில் சுரண்டிவிடுங்கள்; அந்தப் புகை காய்ச்சலையே கொண்டுவரும்.