பிள்ளை சொல்லிவிட்டால் யாரிடம் சொல்வது? ஒரு பழைய டீச்சரிடம் கேள்விகள்

(நாகர்கோவில் பக்கம் 31 வருடம் பாடம் எடுத்தவள் நான். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றிக் கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.)

குளச்சல்: சந்தேகம்தான், ஆதாரம் இல்லை. சொல்லலாமா?

சொல்ல வேண்டும். 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, நடந்தது தெரிந்தவரை மட்டுமல்ல, நடக்கும் என்று அஞ்சுகிறவரையும் சொல்லச் சொல்கிறது. ஆதாரம் தேடுவது போலீஸ் வேலை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது.

என் வகுப்பில் ஒரு பையன். நாலு மணிக்கு பெல் அடித்ததும் எல்லோரும் ஓட, இவன் மட்டும் பெஞ்சுகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டு நிற்பான். ‘நல்ல பிள்ளை’ என்று தலையைத் தடவிவிட்டுப் போனேன், ஒரு மாதம். அப்புறம் ஒருநாள், ‘வீட்ல மாமன் நிக்கான் டீச்சர்’ என்றான். அதற்கு மேல் நான் குடையவில்லை. நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

தக்கலை: எச்.எம்.மிடம் சொல்லிவிட்டேன். போதும்தானே?

போதாது. போலீசுக்குப் போக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அடியுங்கள். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைக்கும் நிர்வாகிக்கு ஒரு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

இரணியல்: பையன்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். 18 வயதுக்குக் கீழ் எல்லோருக்கும்.

தோவாளை: ‘வெளியே தெரிந்தால் மகளுக்குக் கல்யாணம் நடக்காது’ என்று அப்பா அழுகிறார்.

பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சொல்லுங்கள். வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். வருகிற போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்க முடியாது. அவர் பயப்படுவதில் பாதி இதிலேயே தீரும்.

மார்த்தாண்டம்: பொய்ப் புகாரில் ஒரு சாரின் வாழ்க்கையே போகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தவரைத் தண்டிக்க அதே சட்டத்தில் 22ஆம் பிரிவு இருக்கிறது. விசாரித்துப் பார்க்கத்தான் போலீஸ்.

மார்த்தாண்டம் (மறுபடியும்): முதலில் ஸ்டாஃப் ரூமில் பேசிப் பார்த்தால் என்ன?

ஸ்டாஃப் ரூமில் யார் இருப்பார்? புகாருக்கு ஆளான சாரும் அவர் சிநேகிதர்களும். காபி ஆறுவதற்குள் பிள்ளையின் வீட்டுக்கு ஆள் போய்விடும். சாருக்கு வக்கீல் வைக்க முடியும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். கோபப்பட வேண்டாம் தம்பி, உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைத் தீர்க்கும் இடம் ஸ்டாஃப் ரூம் இல்லை.

கருங்கல்: எச்.எம்.மிடம் எழுதிக் கொடுத்தால்?

தக்கலைக்குச் சொன்னதேதான்.

களியக்காவிளை: பிள்ளைக்கு வீடு எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில். எந்த ஸ்டேஷன்?

பக்கத்து ஸ்டேஷனில் சொல்லுங்கள். எங்கே நடந்தாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு அனுப்பலாம். 1098 கேரளத்திலும் அதே எண்தான்.

ஆரல்வாய்மொழி: டிரான்ஸ்பர் கவுன்சலிங் எப்போது?

அம்மா, இது அதற்கான இடமில்லை.

குழித்துறை: எச்.எம். லீவில் இருந்தால்?

மறுபடியும் எச்.எம்.மா! போனை எடுத்து அடியுங்கள். அவர் லீவு முடிந்து வந்து தெரிந்துகொள்ளட்டும்.